படத்தில் வந்த துப்பாக்கி

ஒரு மனிதரின் தோளில் இல்லாத துப்பாக்கியை நான் வைத்தேன். வைத்தபோது அது இல்லாதது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் மாசியிலிருந்து ஆடி வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். முதலாவதை அறியாமை என்று யாராவது மன்னிக்கலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்லித் தப்பிக்க வழியில்லை.

திருப்பத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்ததும் பொழுது போகவில்லை. மகன் தன் பழைய கேமராவைக் கொடுத்தான். முதலில் மொட்டைமாடியில் மைனாவை எடுத்தேன். பிறகு ஏரிக்கரைக்குப் போனேன். அப்புறம் ஜவ்வாது மலைக்கு. மலைக்குப் போக ஆரம்பித்த பிறகு பழைய கேமரா போதவில்லை. நீள லென்ஸ், நல்ல முக்காலி, புதுக் கேமரா என்று ஒவ்வொன்றாக வந்தன. என் மனைவி ஒருநாள் அந்த லென்ஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம பையன் பொறந்தப்பகூட இவ்ளோ கனம் இல்லைங்க" என்றாள்.

எனக்கு ஆசை ஆறுமணிக்குருவியின் மேல். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து, வெயில் ஏறும்போது திரும்பிப் போகிற பறவை. பச்சை முதுகு, சிறகில் நீலம், வாலுக்கு அடியில் சிவப்பு. இத்தனை நிறம் இருந்தும் அது இருட்டில்தான் நடமாடும். புதருக்குள், சருகுகளைப் புரட்டிப் பூச்சி தேடிக்கொண்டிருக்கும். பொழுது விடியும்போதும் சாயும்போதும்தான் திறந்த இடத்துக்கு வரும். ஆகவே அதை எடுக்கிறவனுக்கு எப்போதும் வெளிச்சப் பஞ்சம்.

வெளிச்சம் குறைந்தால் படத்தில் நாய்ஸ் விழும். படம் முழுக்க மணலை வாரி இறைத்த மாதிரி புள்ளிகள் வரும். கேமராவின் உணர்திறனை எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவு மணல். வகுப்பில் இதை நான் மழையை வைத்துச் சொல்வதுண்டு. மழை தொடங்கும்போது சிமெண்டுத் தரையைப் பாருங்கள். ஒரு கட்டத்தில் மூன்று துளி விழுந்திருக்கும், பக்கத்துக் கட்டத்தில் ஒன்றுகூட இருக்காது. அதனால் அந்தக் கட்டத்தில் மழை அதிகம் என்று சொல்லிவிட முடியுமா? கொஞ்ச நேரம் பொறுத்தால் எல்லாம் ஒரே மாதிரி நனைந்துவிடும். குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படம் என்பது அந்த முதல் துளிகள் மட்டும். அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது. இதை எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதனால்தான் என் தப்பு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

மலையில் எனக்கு உட்கார இடம் கொடுத்தவர் ஒரு விவசாயி. புதூர்நாட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஜீப்பில் போய், பிறகு நடக்க வேண்டும். சாமை விளைகிற சரிவுக்குக் கீழே அவர் வீடு. வீட்டுக்குக் கீழே ஓடை. ஓடைக்கரையில் மூங்கில் புதர்கள். அங்கேதான் அந்தப் பறவை இருந்தது. ஓடையைத் தாண்டி வரும் ஒற்றையடிப் பாதை அவருடைய வீட்டில் போய் முடியும். அந்தப் பக்கம் வேறு வீடு இல்லை.

முதல் தடவை என்னை அங்கே கூட்டிப்போனவர் ஜீப்காரர். விவசாயிக்கு அவர் தூரத்துச் சொந்தம். "சாரு ஒரு குருவியப் பாக்கணுமாம், உன் நெலத்துல குந்திக்கட்டுமா?" என்று கேட்டார்.

"குருவிதானே? குந்திக்கட்டும். நெலத்தக் கேட்டாத்தான் குடுக்க மாட்டேன்" என்றார் விவசாயி.

நான் பச்சைத் துணியில் தைத்த ஒரு சின்ன மறைவிடத்தை ஓடைக்கரையில் போட்டு, அதற்குள் முக்காலியை வைத்து உட்கார்ந்துகொள்வேன். விவசாயியின் மனைவிக்கு அது பெரிய வேடிக்கை. "இந்தப் பச்சத் துணியப் பாத்து எங்க மாடே தண்ணி குடிக்க வரமாட்டேங்குது சார். குருவி எங்கேந்து வரும்?" என்பார். சாயங்காலம் நான் எழுந்து வரும்போது டீ இருக்கும். ஒருநாள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். நான் எடுத்த படங்களைக் கேமராவின் சின்னத் திரையில் காட்டினேன். விவசாயி குனிந்து பார்த்துவிட்டு, "இத எடுக்கவா சார் இவ்ளோ நேரம்? நீங்க பொண்ணு பாக்கப் போனப்பகூட இப்படிக் குந்திகினு இருந்திருக்க மாட்டீங்க" என்றார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் போய்வந்தேன். தை மாதக் கடைசியில் ஓடைக்கு மேலே காட்டுக்கோழியின் இறகுகள் சிதறிக் கிடந்ததைப் பார்த்தேன். கீரி பிடித்திருக்கலாம், காட்டுப்பூனை பிடித்திருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் தொலைவில் எங்கோ வெடிச் சத்தம் கேட்டிருந்தது. இரண்டையும் சேர்த்து என் மனதில் ஒரு கதை உண்டாகிவிட்டது. ஓடைக்கு மேலே இருக்கிற தோப்பு அந்த ஊர்க்காரர்களுடைய அம்மன் தோப்பு. அங்கே வேட்டையாடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதை மீறி யாரோ சுடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

மாசியில் ஒரு சாயங்காலம். பொழுது மங்கி, கண்ணுக்கே மூங்கிலின் தண்டு தெரியவில்லை. ஆறுமணிக்குருவி சருகுக்குள்ளிருந்து வெளியே வந்து ஒரு கல்லின் மேல் ஏறி நின்றது. தலையைத் தூக்கி இரண்டு சுரத்தில் விசிலடித்தது. நான் கேமராவின் உணர்திறனை அது போகிற எல்லை வரை ஏற்றினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். பறவைக்குப் பின்னால் காட்டில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. பறவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மறைந்தது. அன்று நான் டீ குடிக்கக்கூடப் போகவில்லை. படம் வந்திருக்கிறது என்ற சந்தோஷத்தில் நேராக ஜீப்புக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால், பறவை மணலுக்குள் புதைந்து கிடந்தது. கேமரா பதிந்தபடியே இருந்த மூல ஃபைலில் பச்சை எது, நீலம் எது என்றே தெரியவில்லை. நாய்ஸை நீக்குகிற மென்பொருள் ஒன்று புதிதாக வாங்கியிருந்தேன். லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியது அது. புள்ளிகளை வெறுமனே மழுப்பிவிடாது. எது இறகு, எது இலை என்று தானே முடிவு செய்து, கூர்மையாக்கித் தரும். தெரியாத இடத்தில் வழக்கமாக என்ன இருக்குமோ அதைப் போட்டு நிரப்பும். இதெல்லாம் எனக்குத் தெரியும். நாய்ஸை எவ்வளவு நீக்க வேண்டும் என்கிற அளவைக் கடைசி வரை தள்ளினேன். மென்பொருள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் படத்தைக் கொடுத்தது.

பறவை நகை மாதிரி வந்திருந்தது. இறகுகளை எண்ணலாம் போல இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா இருக்குங்க. அந்த மூலையில யாரு?" என்றாள்.

மேல் மூலையில், ஒற்றையடிப் பாதை வருகிற இடத்தில், இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு ஆள். முகம் தெரியவில்லை. தோளில் நீளமாக ஏதோ. பின்பாதி மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. முன்பாதி நேராக, கருப்பாக, ஓரம் கத்தரித்தாற்போல இருந்தது. தோள் பக்கம் தடித்திருந்தது. அந்த மூலையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். நாட்டுத் துப்பாக்கி.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அந்த ஒற்றையடிப் பாதை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் போகிறது என்பது எனக்குத் தெரியும். யார் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். நினைத்தேன். எனக்கு டீ கொடுத்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வேட்டைக்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன். என்னை முட்டாளாக்கிவிட்டார் என்ற கோபம் அது.

பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் இருந்தேன். பறவையின் படத்தைப் போட்டேன். கீழே அந்த மூலையை வெட்டி எடுத்துத் தனியாகப் போட்டேன். "ஆறுமணிக்குருவியின் காட்டில் துப்பாக்கியும் நடமாடுகிறது" என்று எழுதினேன். அடுத்த நாளே அது பல கைகள் மாறிவிட்டது. குழுவில் இருந்த ஒருவர் வனத்துறையில் தெரிந்தவருக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒருவர் என்னிடம் போனில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார்.

"எந்த இடம் சார்?"

சொன்னேன்.

"படத்துல எதுவும் மாத்தலையே சார்?"

"ஒண்ணும் மாத்தலை. நாய்ஸ் மட்டும்தான் எடுத்தேன்."

அந்தப் பதிலில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனாலும் என் வாழ்நாளில் நான் சொன்ன மோசமான பொய் அதுதான். மூல ஃபைலையும் அனுப்புகிறேன், இரண்டையும் வைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

ஜீப்காரர் கூப்பிட்டது அதற்குப் பிறகு. மதியச் சாப்பாட்டில் இருந்தேன்.

"சார், நீங்க எடுத்த படமா அது?"

"ஆமாம்."

"காலைல ஆளுங்க வந்து வூட்டப் பூரா பாத்தாங்க சார். பரணைக்கூட எறக்கிப் பாத்தாங்க. ஒண்ணும் இல்ல. அவரக் கூட்டினு போய் விசாரிச்சிகினு இருக்காங்க."

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அது தொரட்டி சார். புளி பறிக்கப் போய்ட்டு வந்தாரு. இன்னா சார், உங்களுக்குத் தொரட்டிகூடத் தெரியாதா?"

எனக்குத் தொரட்டி தெரியும். மூங்கில் கழியின் நுனியில் இரும்புக் கொக்கி கட்டி, மரக்கிளையை வளைத்து இழுக்கிற கருவி. எங்கள் வீட்டில்கூட முருங்கைக்காய் பறிக்க ஒன்று இருக்கிறது. போனை வைத்துவிட்டுக் கணினிக்குப் போனேன். கை கழுவவில்லை. மூல ஃபைலைத் திறந்து அந்த மூலையைப் பெரிதாக்கினேன்.

வெறும் மணல். ஆள் இருக்கிறார் என்பதே தெரிந்து பார்த்தால்தான் தெரிந்தது. அந்த நீளமான பொருளின் நுனியில் கொஞ்சம் கருத்த புள்ளிகள் சிதறியிருந்தன. நாற்காலியைப் பின்னால் தள்ளி, தூரத்திலிருந்து பார்த்தேன். புள்ளிகள் ஒரு வளைவில் நின்றன. கீழ் நோக்கி வளைந்த கொக்கி. மென்பொருள் அதை நாய்ஸ் என்று நினைத்துத் துடைத்துவிட்டு, கழியை நேராக்கிக் கொடுத்திருந்தது. தோள் உறுத்தாமல் இருக்க அவர் சுருட்டி வைத்திருந்த துண்டு, துப்பாக்கியின் கட்டையாகியிருந்தது. இரும்பைத் துடைத்துவிட்டு வேறு இரும்பை வைத்திருந்தது. அதுவும் நானும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம். மலைக்காரர், பொழுது சாய்ந்த நேரம், தோளில் நீளமாக ஏதோ. தெரியாத இடத்தை நானும் வழக்கமானதைப் போட்டு நிரப்பிவிட்டேன்.

அன்றே நான் போனை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

காரணங்கள் இருந்தன. என் வயதில் காரணங்களுக்கா பஞ்சம். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அவர்களே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விட்டும்விட்டார்கள், ஆனால் உடனே இல்லை. அவரைப் பல தடவை கீழே வரச் சொல்லி அலையவைத்த பிறகு. இன்னொரு காரணம் அந்தப் பறவையின் படம். குழுவில் எல்லாரும் அதைப் பாராட்டினார்கள். திருப்பத்தூரில் ஒரு கல்லூரி அரங்கில் நடந்த கண்காட்சிக்கு அதைப் பெரிதாக அச்சிட்டுக் கேட்டார்கள். கொக்கி துடைக்கப்பட்டது என்று நான் சொன்னால், அந்த இறகுகள் எங்கிருந்து வந்தன என்று யாராவது கேட்பார்கள். பாதி இறகு மென்பொருள் வரைந்தது. அது எனக்குத் தெரியும். கண்காட்சியில் ஒரு இளைஞர் படத்தின் முன்னால் நின்று, "இவ்ளோ இருட்டுல எப்படி சார் இவ்ளோ க்ளீனா வந்துது?" என்று கேட்டார். நான் அளவுகளைச் சொன்னேன். எந்த எண்ணை எவ்வளவு தள்ள வேண்டும் என்று விளக்கமாகவே சொன்னேன். பக்கத்தில் என் மனைவி நின்றிருந்தாள். அவளிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில் மலையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

மாசியும் பங்குனியும் புளிக்காலம். அந்த ஊரில் காட்டோரத்துப் புளியமரங்களை வீட்டுக்கு இத்தனை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அவரவர் மரத்தை அவரவர் பறிக்க வேண்டும். ஒரு பருவம் பறிக்காமல் விட்டால் வேறு யாராவது பறித்துக்கொள்ளலாம். விசாரணைக்கு அலைந்ததில் அவருடைய மரங்கள் அப்படியே நின்றன. அலைச்சல் இல்லாத நாட்களிலும் அவர் தொரட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகப் பயந்தார். கடைசியில் மற்றவர்கள் பறித்துக்கொண்டார்கள். அவர்கள் பேரில் தப்பு இல்லை. விட்டால் உதிர்ந்து வீணாகும்.

அதைவிடப் பெரியது வேறு. சித்திரையில் அம்மன் திருவிழா. சாமி தூக்குகிறவர்களில் ஒருவர் எப்போதும் அவர் வீட்டிலிருந்துதான். அம்மன் தோப்பில் துப்பாக்கியோடு போனவர் என்று பேச்சு வந்த பிறகு, ஊர்ப் பெரியவர்கள் அவரைக் கூப்பிட்டு, "இந்த வருசம் நீ வேணாம்ப்பா, பேச்சு அடங்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் துப்பாக்கி கிடைக்கவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் படம் இருந்தது. படத்தை எல்லாரும் போனில் பார்த்திருந்தார்கள். திருவிழா நடந்தபோது அவர் ஊரில் இல்லை. மிளகு பறிக்கக் குடகுக்குப் போய்விட்டார்.

இது எனக்குத் தெரிந்தது ஆனி மாதம். ஜீப்காரரைத் திருப்பத்தூர் சந்தையில் பார்த்தேன். நான்தான் போய்ப் பேசினேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "நீங்க குருவி எடுக்க வர்றதில்லையா சார் இப்பல்லாம்? அங்க எடம் காலியாத்தான் இருக்குது" என்றார். குத்தலாகத்தான் சொன்னார். நான் வாங்கிய கத்தரிக்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மனைவியிடம் சொன்னேன். மூல ஃபைலைக் காட்டினேன். நாற்காலியைத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். அவள் தள்ளாமலே பார்த்தாள்.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

சொன்னேன்.

"கண்காட்சி வெச்சப்ப?"

"தெரியும்."

எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அந்தம்மா உங்களுக்குச் சோறு போட்டதா சொன்னீங்களே" என்றாள்.

மறுநாளும் நான் கிளம்பவில்லை. கிளம்பினது ஆடி பிறந்த பிறகு. இதையும் எழுதிவிட வேண்டும்.

முதலில் விசாரணை நடந்த அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு படங்களையும் அச்சிட்டு எடுத்துப் போயிருந்தேன். என்னிடம் அன்று போனில் பேசியவர் இருந்தார். பொறுமையாகக் கேட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அது அப்பவே முடிஞ்சுபோச்சு சார். ஒண்ணும் இல்லைன்னு விட்டுட்டோம். இப்ப எதுக்கு நீங்க சிரமப்பட்டுகினு?" என்றார். எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். சரி என்று வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு டீ வாங்கித் தந்தார். யாராவது என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

பிறகு குழுவில் போட்டேன். மூல ஃபைல், மென்பொருள் கொடுத்தது, இரண்டும். நடந்ததை முழுக்க எழுதினேன். அந்த மனிதரிடம் துப்பாக்கி இல்லை, தொரட்டிதான் இருந்தது, இது எனக்கு மாசியிலேயே தெரியும் என்று எழுதினேன். பதில்கள் வர ஆரம்பித்தன. அளவைக் கடைசி வரை தள்ளியது தப்பு, பாதியில் நிறுத்தியிருக்க வேண்டும் என்றார் ஒருவர். வேறு மென்பொருளாக இருந்தால் கொக்கியை விட்டிருக்கும் என்றார் இன்னொருவர். பறவையை மட்டும் தேர்ந்தெடுத்துப் போட்டிருக்கலாமே, பின்னணியை ஏன் தொட்டீர்கள் என்று ஒருவர் கேட்டார். நல்ல விவாதம். சாயங்காலம் வரை போயிற்று. அந்த மனிதர் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் மென்பொருளைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

மலைக்கு ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் போனேன். மனைவியும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். அவர் குடகிலிருந்து வந்திருக்கிறார் என்று ஜீப்காரர் சொல்லியிருந்தார். ஆனால் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் பேர் கெட்டது ஊருக்கு முன்னால்; திருத்துவதும் ஊருக்கு முன்னால்தானே. கோவிலுக்கு முன்னால் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். விவசாயி வரவில்லை; அவர் மனைவி மட்டும் தள்ளி, மரத்தடியில் நின்றிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். படங்களைக் கையில் கொடுத்தேன். ஒரு பெரியவர் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"அப்ப அந்தக் கம்ப்யூட்டரு பொய் சொல்லிடுச்சு" என்றார்.

"இல்லைங்க. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும். நான்தான் சொன்னேன். தெரிஞ்ச பிறகும் பேசாம இருந்தேன்."

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் படத்தை வாங்கக்கூட இல்லை. "சாமி தூக்கறதுக்கு முன்ன வந்து சொல்லிருக்கலாமே வாத்தியாரே" என்றார். அமைதியாகத்தான் சொன்னார்.

கடைசியில் அந்தப் பெரியவர், "செரி, அடுத்த வருசம் அவரு தூக்கட்டும். நாங்களும்தான் அன்னிக்கி அவசரப்பட்டுட்டோம்" என்றார். எனக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க வயசுக்கு இன்னா சார் தண்டன. ஏறி வந்ததே போதும்" என்றார் ஒருவர்.

விவசாயியின் மனைவியோடு அவர்கள் வீட்டுக்கு நடந்து போனேன். வழியில் அவர் பத்தடி முன்னாலேயே நடந்தார். முன்பெல்லாம் மாட்டைப் பற்றியாவது ஏதாவது சொல்லிக்கொண்டு வருவார். விவசாயி வீட்டுக்கு வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கட்டிலைக் காட்டி, "குந்துங்க சார்" என்றார். நான் உட்காராமல் மன்னிப்புக் கேட்டேன். தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

அவர் படங்களைக் காட்டச் சொன்னார். மென்பொருள் கொடுத்ததை அவர் ஏற்கெனவே எத்தனையோ போனில் பார்த்திருந்தார். அதைத் தள்ளிவிட்டு மற்றதை எடுத்தார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். விரலால் மணலைத் தடவிப் பார்த்தார்.

"இதுல நான் எங்க சார் இருக்கேன்?"

காட்டினேன்.

"இதுவா நானு?"

"ஆமாம்."

"இதுல ஒண்ணுமே இல்லையே சார்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத மொதல்ல காட்டியிருந்தா, இது நான்னு நானே ஒத்துக்கினு இருக்க மாட்டேன்."

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். குடித்தேன், குடிக்காமல் வைத்தால் அவர்களை மதிக்காத மாதிரி ஆகிவிடும். அந்தப் பருவத்துப் புளிக்கு ஈடாக நான் ஏதாவது செய்ய அனுமதிக்க வேண்டும் என்று கேட்டேன். விவசாயி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அதெல்லாம் போனது போச்சு சார். ஒண்ணே ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே எங்க நெலத்துல வந்து குந்த வேணாம்."

"வரமாட்டேன்."

"குருவி மேல ஒண்ணும் இல்ல சார்" என்று அவர் மனைவி மெதுவாகச் சொன்னார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. ஒருவேளை எனக்கு ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார்.

கண்காட்சிக்கு அச்சிட்ட பெரிய படத்தைக் கல்லூரி தன் நூலகத்தில் மாட்டி வைத்திருந்தது. போய்க் கழற்றித் தரச் சொன்னேன். நூலகருக்கு வருத்தம். நல்ல படம், இருக்கட்டுமே என்றார். காரணத்தைச் சொன்னேன். இந்த மூலையை மட்டும் வெட்டிவிட்டு வைத்துக்கொள்ளலாமே என்றார். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன். அது இப்போது வீட்டில் அலமாரிக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திருப்பி நிற்கிறது. மென்பொருளைக் கணினியிலிருந்து நீக்கினேன். மகன் போனில், "அது பேர்ல என்னப்பா தப்பு?" என்று கேட்டான். தப்பு ஒன்றும் இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த சித்திரைக்கு இன்னும் நாள் இருந்தது. ஊர் அவரைச் சேர்த்துக்கொண்டுவிட்டது, மரங்கள் இருக்கின்றன, வருகிற மாசியில் அவர் மறுபடி புளி பறிப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கெடுத்ததில் பாதியாவது சரியாகிவிட்டது என்று மனைவியிடமும் சொன்னேன்.

தை மாதம் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. பெங்களூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். நான் பார்க்காத மாதிரி போயிருக்கலாம்; அவர்தான், "இன்னா சார், நல்லா இருக்கீங்களா?" என்றார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"குடகுக்குத்தான் சார். காப்பி பறிக்க."

"புளி வர்ற நேரமாச்சே."

"மரத்த மச்சான்கிட்ட உட்டுட்டேன். அவன் பறிச்சிக்குவான்."

"ஊர்லதான் எல்லாம் சரியாயிடுச்சே" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஆச்சு சார். சாமி தூக்கவும் சொல்லிட்டாங்க. சித்திரைக்கு வந்துடுவேன்." பையைக் கீழே வைத்தார். "தொரட்டிய எடுத்துகினு காட்டுக்குப் போய்ப் பாத்தேன் சார், கார்த்திகைல. முடியல. எவனாவது எங்கேயாவது குந்திகினு பாத்துகினு இருக்கானோன்னே இருக்குது. நடக்கறப்ப திரும்பித் திரும்பிப் பாக்கறேன். அப்படிப் பாத்துகினே மரத்துல ஏற முடியாது சார். உழுந்துடுவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் அந்தக் காட்டில் பிறந்தவர். நான் அங்கே விருந்தாளியாகப் போனவன்.

பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. ஒரு பையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் ஏறியதும் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். "வர்றேன் சார், வூட்ல சொல்லுங்க" என்றார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பஸ் பின்னால் போய்த் திரும்பி, வாசலைத் தாண்டிப் போயிற்று. நான் எதற்காக அங்கே வந்தேன் என்பதை மறந்துபோய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.